ஏலத்துக்கு வராத குடம்

செப்டம்பர் 1, ஞாயிறு

டாக்டர் சொல்லித்தான் இந்த டைரி. ரத்தக்கொதிப்பு ஏறிக்கொண்டே போகிறதாம். "கோபம் வந்தா கைய நீட்டுறதுக்கு முன்னாடி பேனாவ எடுங்க, அண்ணாச்சி. எழுதுனா பாதி ஆறிடும்" என்றார். சரி, எழுதுகிறேன். ஆனால் பேனாவைத் தேடி எடுப்பதற்குள் பாக்கியராஜை இரண்டு அறை அறைந்துவிட்டேன். முதல் அறையிலேயே அவன் உதடு கிழிந்துவிட்டது. நல்ல வேலைக்காரன்தான். லாரியும் ஓட்டுவான், ஜேசிபியும் ஓட்டுவான், எதற்கு என்று கேட்காமல் சொன்னதைச் செய்வான். ஆனால் தண்ணீர் லாரியை நிறைத்துக்கொண்டு போய் நிறைந்தபடியே திருப்பிக்கொண்டு வந்தால் யாருக்குத்தான் கை நீளாது?

சாரோன்விளை முழுவதும் தேரிக்காடு. செம்மணல். எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர். தூரத்திலிருந்து நான் லாரியில் கொண்டுவந்து விற்ற தண்ணீரைத்தான் இந்த ஊர் இத்தனை வருஷம் குடித்தது. இப்போது என் தம்பி ஜெபமணியின் கிணற்றில் நல்ல தண்ணீர் ஊறுகிறது. அவனும் அவன் பெண்டாட்டி எப்சிபாவும் வருகிறவனுக்கெல்லாம் சும்மா கோரிக் கொடுக்கிறார்கள். ஆற்றில் போகிற தண்ணீரை ஐயா குடி, அம்மா குடி என்ற கதை.

காலை ஆராதனையில், ஸ்தோத்திரப் பண்டிகை இந்த மாதக் கடைசி ஞாயிறு என்று அறிவித்தார்கள். விளைந்ததில் முதல் பலனைக் கோயில் படியில் கொண்டுவந்து வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் அதை ஏலம் விட்டுக் கோயிலுக்குச் சேர்ப்போம். சபைச் செயலாளர் என்ற முறையில் வருஷா வருஷம் ஏலம் விடுவது நான்தான். போன வருஷம் ஒரு கோழிமுட்டையை நானே இருபதாயிரத்துக்கு எடுத்தேன். கை தட்டல் அடங்கவே இல்லை. அதற்கு முந்தின வாரம் வரை என்னைப் பற்றி ஊர் பேசிய பேச்செல்லாம் அந்த முட்டையோடு போயிற்று.

செப்டம்பர் 4, புதன்

தம்பி வீட்டுக்குப் போனேன். அப்பா சொத்தைப் பிரித்தபோது மேற்கு எனக்கு, கிழக்கு அவனுக்கு. என் பங்கில் மணல் மேடுதான். அதை அள்ளி விற்கிறேன். அவன் பங்கில் கிணறு. போன வருஷம் அந்தக் கிணற்றுக்கு சிமெண்ட் உறை இறக்கும்போது மேற்குப் பக்கம் சரிந்து அவனை மூடிவிட்டது. நான் மணல் அள்ளியதற்கும் அது சரிந்ததற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. நூறு தடவை சொல்லியாயிற்று. ஊரே கூடி வெறுங்கையால் தோண்டி அவனை எடுத்தார்கள். இடுப்பு உடைந்து இப்போது கம்பு ஊன்றி நடக்கிறான். அவனைத் தோண்டி எடுத்த குழியில்தான் இந்த நல்ல தண்ணீர் கண்டது.

பதமாகத்தான் பேசினேன். "மோட்டார் நான் போடுதேன். லாரில ஏத்துவோம். ஆளுக்குப் பாதி. இந்தத் தண்ணிய வித்தா எத்தன ஏழைக்கு உதவலாம், யோசிச்சுப் பாரு" என்றேன்.

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். எப்சிபாதான் பேசினாள். "குடிக்க வாரவுக பூரா ஏழைதான, பெரியத்தான்? அதோட இந்தத் தண்ணிக்கு நாங்க வெல வாங்கியாச்சி. அவரு உசுரோட உக்காந்திருக்காருல்லா? ஒரு பொருளுக்கு ரெண்டு தடவ வெல வாங்கலாமா?"

வீட்டுக்கு மூத்தவன் முன்னால் இப்படி வாயடிக்கிறவளை என்ன செய்வது? வரும் வழியில் கிணற்றடியில் மண்குடங்கள் வரிசையாக இருந்தன. என் கால் பட்டு நாலைந்து உடைந்துவிட்டன. ஒரு சில்லு தெறித்து ஒரு பெண்ணின் கெண்டைக்காலைக் கிழித்தது. அவள் ஏன் அங்கே நின்றாள்?

செப்டம்பர் 9, திங்கள்

இரவு யாரோ தம்பி கிணற்றுக் கயிற்றை அறுத்து, கப்பியை உடைத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். குரைத்த நாயையும் வெட்டிப் போட்டிருக்கிறார்கள். நாட்டில் யாருக்கும் தெய்வ பயம் இல்லை.

செப்டம்பர் 12, வியாழன்

கிணற்றுக்குக் காவல் இருந்த சுடலையை அடித்துவிட்டார்களாம். சுடலை பக்கத்து ஊர்க்காரன், பனையேறி. நம் சபை இல்லை, நம் வேதமும் இல்லை. போன வருஷம் தம்பியைத் தோண்டும்போது முதலில் குழிக்குள் குதித்தவன் அவன்தான். அதிலிருந்து தம்பி வீட்டோடு உறவாடிக்கொண்டிருக்கிறான். கம்பியால் அடித்துக் கீழே தள்ளி, வலது கையைக் கல்லின்மேல் வைத்து நசுக்கியிருக்கிறார்கள். விரல் எலும்பெல்லாம் பொடியாகிவிட்டதாம். இனிமேல் பனை ஏற முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த நேரத்தில் நான் வீட்டில் குடும்ப ஜெபத்தில் முழங்காலில் இருந்தேன். என் மனைவி ரூபி சாட்சி. போலீஸ்காரர் வந்து கேட்டபோது அவள் ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டாள். வெட்கப்படுகிற சுபாவம் என்று நான் சொன்னேன்.

பாக்கியராஜ் சட்டையெல்லாம் ரத்தமாக வந்தான். சேவல் அறுத்தானாம். புதுச்சட்டை எடுத்துக்கொள்ளச் சொல்லிப் பணம் கொடுத்தேன். வேலைக்காரர்களிடம் நான் கணக்குப் பார்ப்பதில்லை.

செப்டம்பர் 17, செவ்வாய்

இன்றைக்கு என்னை மீறிவிட்டது. எழுதினால் ஆறும் என்றாரே, பார்க்கலாம்.

ஜெபமணி கம்பை ஊன்றிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். பட்டறையில் இரும்பு அடிக்கும் சத்தம்போல் டக் டக்கென்று வாசலில் கேட்டது. "அண்ணே, சுடலை கைய யாரு ஒடைச்சான்னு எனக்குத் தெரியும். நான் போலீசுக்குப் போவல. நீ ஒரு தடவ அவன ஆஸ்பத்திரில போயிப் பாத்துட்டு வந்துரு. அது போதும்" என்றான்.

"என்னல சொல்லுத? எவன் கையோ ஒடஞ்சா அதுக்கு நானா பழி?"

"மண்ணுக்குள்ள கெடந்தேம்லா, அண்ணே, அப்ப மூச்சு இல்ல. கண்ணு, வாயி பூரா மண்ணு. மேல ஆளுக சத்தம் மட்டும் கேட்டுச்சி. அழுதுகிட்டே தோண்டுறாவ. நகம் பேந்து ரத்தம் என் மூஞ்சில சொட்டுச்சி. ஒருத்தராவது எனக்குக் கடன்பட்டவுகளா? சும்மா தோண்டுனாவ. அன்னைக்கு ஆண்டவர் கையி இப்படித்தான் இருக்கும்னு கண்டுக்கிட்டேன். நகம் பேந்த கையி. அதுக்கப்புறம் அந்தத் தண்ணிய எப்படி விக்க?"

சொல்லிவிட்டு என் கையைப் பிடித்தான். அந்தப் பிடிதான் எனக்குப் பொறுக்கவில்லை. அடித்திருந்தால் திருப்பி அடித்திருப்பேன். கம்பைப் பிடுங்கி அவன் தோளிலும் முதுகிலும் போட்டேன். ஆத்திரத்தில் எத்தனை போட்டேனோ. கீழே விழுந்தவன் கையைக்கூடத் தூக்கவில்லை. ரூபி ஓடிவந்து அவன்மேல் விழுந்து மறைத்தாள். அவளுக்கும் ஒன்று பட்டது. கம்பு முறிந்த பிறகு நிறுத்தினேன்.

இருவரும் சேர்ந்து எழுந்தார்கள். ரூபி அவனைத் தாங்கிக்கொண்டு அவன் வீடுவரை போய் விட்டுவிட்டு வந்தாள். இரவு சாப்பாட்டை மூடி வைத்திருந்தாள். மீன் குழம்பில் உப்பு இல்லை.

ஆறவில்லை.

செப்டம்பர் 22, ஞாயிறு

சபைக்குப் புதிதாக வந்திருக்கும் குரு வயதில் சின்னவர். பிரசங்கத்தில் தம்பியின் கிணற்றைப் பற்றிச் சொன்னார். நன்றி என்பது வாயில் இல்லையாம், கயிறு பிடித்துக் கோருகிற கையில் இருக்கிறதாம். பெண்கள் பக்கத்தில் அழுகை. என் முதுகை எத்தனை கண் பார்த்தது என்று திரும்பாமலே சொல்வேன். கோயிலுக்கு ஒலிபெருக்கி வாங்கிக் கொடுத்தவன் நான். அதிலேயே எனக்கு வசவு.

செப்டம்பர் 26, வியாழன்

மேற்கு ஓரத்தில், கிணற்றுப் பக்கமாக, இன்னும் கொஞ்சம் மண் எடுக்கலாம் என்று பாக்கியராஜிடம் சொன்னேன். என் நிலம். என் மண். கிணறு தானாகச் சரிந்தால் அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

செப்டம்பர் 28, சனி

நாளைக்குப் பண்டிகை. ஊர் முழுவதும் கோயில் வளாகத்தில். ஊருக்கெல்லாம் போடும் அசனச் சாப்பாட்டுக்கு ஆடுகளை அறுத்துக்கொண்டிருக்கிறார்கள். தேரிப் பக்கம் ஒரு ஈ காக்கை கிடையாது. மத்தியானம் ஜேசிபியைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். எல்லைக்கல் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அக்டோபர் 1, செவ்வாய்

இடது கையால் எழுதுகிறேன். வலது கை மாவுக்கட்டில் இருக்கிறது. கோணல் மாணலாக வருகிறது.

சனிக்கிழமை எல்லைக்கல் பார்க்கத்தான் மண் எடுத்த குழிக்குள் இறங்கினேன். பாக்கியராஜ் மேலே வண்டியில் இருந்தான். இன்னும் கிழக்கே, இன்னும் கிழக்கே என்று கை காட்டியது உண்மை. வண்டிக் கை மண்ணை ஒரு கடி கடித்தது. சத்தமே இல்லாமல் மேடு அப்படியே என்மேல் உட்கார்ந்துவிட்டது. முதலில் நெஞ்சுவரை. கத்துவதற்கு வாயைத் திறந்தேன், வாய் நிறைய மண். பிறகு இருட்டு. கை எங்கேயோ மடங்கி முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. பாக்கியராஜ் குதித்து ஓடிவிட்டான். பின்னால்தான் தெரியும்.

தம்பி கோயிலுக்குப் போகவில்லை. நான் அடித்த அடியில் எழுந்து நடக்க முடியாமல் வீட்டில் படுத்திருந்தானாம். வண்டிச் சத்தம் திடீரென்று நின்றதும் தட்டுத் தடுமாறி எழுந்து பார்த்திருக்கிறான். எப்சிபாவைக் கோயிலுக்கு ஓடச் சொல்லிவிட்டு, அவன் குழிக்குள் உருண்டு இறங்கியிருக்கிறான். என் தலைக்கு மேல் பிராண்டுகிற சத்தம் கேட்டது. ஏதோ ஒரு மிருகம் என்றே நினைத்தேன். மூக்கிலிருந்து மண் விலகியது. அவன் முகம் என் முகத்துக்கு நேரே இருந்தது.

"அண்ணே, மூச்சு விடு. மெதுவா விடு. ஆளுக வந்துக்கிட்டு இருக்காவ."

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. "சீக்கிரம் தோண்டுல" என்று சொல்லியிருப்பேன்.

ஊர் வந்தது. ஆட்டு ரத்தம் காயாத கைகளோடு வந்து தோண்டினார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியிருந்த சுடலை கட்டுப்போட்ட கையோடு மேலே நின்று கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டான். என் கக்கத்தில் கயிற்றை மாட்டியது தம்பி. இழுத்தார்கள். நான் மேலே வந்த அதே நேரம் மறுபடியும் சரிந்தது. தம்பி அடியில் இருந்தான்.

இந்தத் தடவையும் தோண்டினார்கள். ஒருத்தர் கையிலும் நகம் மிஞ்சவில்லை. எடுக்கும்போது அவன் கழுத்து ஒரு பக்கமாகத் தொங்கியது. வாயில் மண்.

கிணறு மட்டும் அசையவே இல்லை. ஒரு உறைகூட விலகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பண்டிகைக்குப் பதில் அடக்க ஆராதனை நடந்தது. அறுத்த ஆடுகளை என்ன செய்தார்கள் என்று தெரியவில்லை. நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன். போலீஸில் விபத்து என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். என் உயிரைக் காத்த தேவனுக்கு ஸ்தோத்திரம்.

அக்டோபர் 3, வியாழன்

நேற்று வீட்டுக்கு வந்தேன். இன்று காலையில் என்னை வெட்ட வந்தார்கள்.

சுடலையின் ஆட்கள் என்று நினைத்தேன். ஜன்னல் இடுக்கில் பார்த்தால் பாதிப் பேர் நம் சபை. ஞாயிறுதோறும் என் பக்கத்தில் உட்கார்ந்து பாடுகிறவர்கள், ஆளுக்கொரு அரிவாளோடு நிற்கிறார்கள். லாரிக் கண்ணாடியை நொறுக்கினார்கள். டயரை வெட்டினார்கள். பாக்கியராஜை எங்கேயோ பிடித்து, முகம் என்று ஒன்று இல்லாமல் அடித்து, இழுத்துக்கொண்டு வந்திருந்தார்கள். "கோயில்பிள்ள, வெளிய வால! சொந்தத் தம்பியத் தின்னுட்டு உள்ள பதுங்கியிருக்கியா?" அண்ணாச்சி என்று சொல்லாமல் வெறும் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டதை ஐம்பத்தாறு வயதில் முதல்முதலாகக் கேட்கிறேன். கதவில் அரிவாள் விழுந்தது. ரூபியைப் பின்கதவைப் பார்க்கச் சொன்னேன். அவள் சமையற்கட்டில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

திடீரென்று வெட்டு நின்றது. எப்சிபா வந்து வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். வெள்ளைச் சேலை.

"நீ எந்திரிச்சிப் போம்மா. உனக்காகத்தான் வந்திருக்கோம்" என்று ஒருவன் சொன்னான்.

"எனக்காக வந்தியன்னா திரும்பிப் போங்க" என்றாள். அழுகை இல்லை. "இவரு உசுரு வேணும்னுதான் எங்க வீட்டுக்காரரு குழிக்குள்ள எறங்குனாரு. அவரு கடைசியாச் செஞ்ச வேலை இது ஒண்ணுதான். இத நீங்க வெட்டிப் போட்டா அவரு எதுக்குச் செத்தாரு? எனக்குன்னு அவரு வேற என்னத்த வச்சிட்டுப் போயிருக்காரு?"

யாரோ ஆத்திரத்தில் கல் எறிந்தார்கள். ஜன்னலைப் பார்த்து எறிந்த கல். அவள் நெற்றியில் பட்டது. ரத்தம் கண்ணுக்குள் வழிந்து வெள்ளைச் சேலையில் சொட்டியது. அவள் துடைக்கவும் இல்லை, எழவும் இல்லை. எறிந்தவன்தான் முதலில் அரிவாளைக் கீழே போட்டான். ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள்.

"பெரியத்தான், போயிட்டாவ. கதவத் தொறக்க வேண்டாம். இருட்டுறதுவரைக்கும் நான் இங்கன இருக்கேன்" என்றாள்.

நான் திறக்கவில்லை. அவள்தான் வேண்டாம் என்றாளே. ரூபி பின்கதவைத் திறந்துகொண்டு சுற்றிப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அக்டோபர் 5, சனி

தள்ளிவைத்த பண்டிகை நாளை நடக்கிறது. ரூபி வேண்டாம் என்றாள். போகத்தான் போகிறேன். பதுங்கினால் குற்றவாளி என்றாகும். படியில் எப்சிபா என்ன கொண்டுவந்து வைத்தாலும் சரி, ஒரு பூசணிக்காயை வைத்தாலும் சரி, முதல் கேள்வியிலேயே ஒரு லட்சம் கேட்டு எடுத்துவிடுவேன். ஒரு முட்டையால் ஒரு வருஷம் ஊர் வாயை அடைத்தவன் நான். பணத்தை மஞ்சள் பையில் எடுத்து வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 6, ஞாயிறு

இந்தத் தடவை என்னைக் கூப்பிடவில்லை; குருவுக்கு உதவியாக இருக்கும் உபதேசியார்தான் ஏலம் விட்டார். குரலா அது? ஒரு சேவலும் முருங்கைக்காய்க் கட்டும் விலை போவதற்குள் எனக்குப் பொறுமை போய்விட்டது. நான் நின்ற இடத்தைச் சுற்றி ஒருத்தரும் நிற்கவில்லை. ஒருத்தரும் ஏசவும் இல்லை.

கடைசியாக எப்சிபா வந்தாள். நெற்றியில் கட்டு. இடுப்பில் ஒரு மண்குடம். அதைப் படியில் இறக்கிவைத்தாள். தண்ணீர்.

"ஒரு லச்சம்!" என்றேன். கோயில் சுவரில் பட்டு எனக்கே திரும்பிக் கேட்டது. கை தட்டுவார்கள் என்று ஒரு நிமிஷம் காத்திருந்தேன். உபதேசியார் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"இது ஏலத்துக்கு வரல, உபதேசியாரே" என்றாள். "ரெண்டு தடவ தோண்டுனவுகளுக்குக் குடிக்கக் கொண்டாந்தேன். அதுக்குள்ள பெரியத்தான் கேட்டுட்டாவ."

ஒரு தம்ளரில் கோரி, முதலில் என்னிடம் கொண்டுவந்தாள். சுடலை நிற்கிறான், குரு நிற்கிறார், என்னிடம் வருகிறாள். "குடிங்க, பெரியத்தான். ரூவாய உள்ள வைங்க. இதுக்கு வெல குடுத்தாச்சி."

மஞ்சள் பையை நீட்டினேன். வாங்கவில்லை. "கோயிலுக்குத்தான, வாங்கு" என்றேன். தலையாட்டினாள். அவள் மணிக்கட்டை இடது கையால் பிடித்து முறுக்கி, பையை அவள் கையில் திணித்தேன். திணித்த பை கீழே விழுந்தது. தம்ளரும் விழுந்தது. நோட்டுக்கட்டு நனைந்து கிடந்தது, குனிந்து எடுக்க ஒரு ஆள் இல்லை. எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது, அப்படி ஒரு தாகம். ஆனால் சும்மா கொடுப்பதை வாங்கிக் குடிக்க நான் என்ன பிச்சைக்காரனா? என் தம்பிக்கு நான் கடன்காரன் என்று இத்தனை பேர் முன்னால் குடித்துக் காட்ட வேண்டுமா? குடத்தை எட்டி உதைத்தேன். உடைந்து தண்ணீர் முழுவதும் மண்ணில் இறங்கிவிட்டது.

யார் காலிலும் குத்திவிடக் கூடாது என்று சுடலை இடது கையால் ஓடுகளைப் பொறுக்கினான். எப்சிபா மணிக்கட்டைத் தடவிக்கொண்டு, "இருங்க, வேற குடத்துல கோரிட்டு வாரேன்" என்று தேரிப் பக்கம் நடந்தாள். ரூபியும் அவள்கூடப் போனாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் அந்த நடுவெளியில் நின்றுகொண்டே இருந்தேன். வியாழக்கிழமை அரிவாளோடு வந்த அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். ஒருத்தனாவது என்னை அடித்திருக்கலாம்.